சென்னை ஓப்பன் எங்கே போனது? இப்போது நடப்பது அதேதானா?

கேள்வி கேட்டவர் 2016 ஜனவரியில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் சுவிஸ் டென்னிஸ் வீரர் வாவ்ரிங்கா சென்னை ஓப்பன் கோப்பை வாங்கியதை நேரில் பார்த்தவர். பிறகு போட்டி புனேவுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டார். 2025 கடைசியில் மறுபடி 'சென்னை ஓப்பன்' விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. "திரும்பி வந்துவிட்டதா? முதலில் போனது ஏன்? அரசியலா, பணமா?" என்று கேட்கிறார். இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: இப்போது இந்தப் பெயரில் நடப்பது பழைய போட்டிதானா, பழையது ஏன் வெளியேறியது, இனி வருமா. முதல் இரண்டுக்கும் பதிவுகளை வைத்துப் பெரும்பாலும் உறுதியாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதற்கு என் கணிப்பை மட்டுமே சொல்ல முடியும்.

முதலில் நேரடிப் பதில். இப்போது நடப்பது பழைய போட்டி இல்லை. 'சென்னை ஓப்பன்' என்ற பெயரில் இதுவரை மூன்று தனித்தனிப் போட்டிகள் நடந்திருக்கின்றன. முதலாவது 1997 முதல் 2017 வரை நடந்த ஆண்களுக்கான ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பு) டூர் போட்டி. நீங்கள் பார்த்தது அதைத்தான். இரண்டாவது, 2018 முதல் சில ஆண்டுகளில் நடந்துவரும் ஆண்கள் சேலஞ்சர் போட்டி. அது ஏடிபி டூருக்கு ஒரு படி கீழே. மூன்றாவது, பெண்கள் டூரை நடத்தும் டபிள்யூடிஏவின் 250 தரப் போட்டி (250 என்பது வென்றவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி). 2022 செப்டம்பரில் முதல்முறை நடந்தபோது செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா வென்றார். 2025இல் இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென் வென்றார். நீங்கள் பார்த்த விளம்பரம் இந்த மூன்றாவதன் விளம்பரம். ஸ்டேடியமும் தமிழ்நாடு டென்னிஸ் சங்கமும் அதேதான், உரிமம்தான் வேறு. இந்த உரிமம் என்ற விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதிக் கதை சுலபம்.

ஏடிபி டூர் போட்டி எதுவும் ஊருக்குச் சொந்தமானதல்ல. ஆண்டின் இந்த வாரத்தில், இந்தத் தரத்தில் ஒரு போட்டி நடத்தலாம் என்று ஏடிபி தரும் அனுமதிக்கு ஒரு நிறுவனமோ சங்கமோ உரிமையாளராக இருக்கும். பஸ் ரூட் பர்மிட் மாதிரி: பர்மிட் முதலாளியிடம், பஸ் ஸ்டாண்டு ஊரிடம். ஏடிபி ஒப்புக்கொண்டால் உரிமையாளர் போட்டியை வேறு ஊருக்கு நகர்த்தலாம், குத்தகைக்கு விடலாம், விற்கலாம். சென்னைப் போட்டியை நடத்திய வணிகத் தரப்பு ஐஎம்ஜி என்ற விளையாட்டு நிர்வாக நிறுவனம், பின்னாளில் ஐஎம்ஜி ரிலையன்ஸ். தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் ஊர்த் தரப்பு. ஸ்டேடியம் மாநில அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் 'சரி' சொன்னால்தான் ஜனவரியில் பந்து உருளும்.

சென்னைக்கு இந்தப் போட்டி வந்ததும் இப்படி ஓர் இடமாற்றத்தால்தான். இதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1996இல் இது டெல்லியில் இந்தியா ஓப்பன் என்ற பெயரில் தொடங்கியது. ஸ்வீடனின் தாமஸ் என்குவிஸ்ட் ஜிம்பாப்வேயின் பைரன் பிளாக்கை வென்று முதல் கோப்பையை எடுத்தார். ஒரே ஆண்டுதான், 1997இல் சென்னைக்கு மாறிவிட்டது. அப்போது இங்கே புத்தம்புதிய ஸ்டேடியம் ஒன்று தயாராக இருந்தது. 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நுங்கம்பாக்கத்தில் கட்டியது, ஏறத்தாழ 5,800 பேர் உட்காரலாம். டூர் போட்டிக்கு வேண்டிய நிரந்தர மைய கோர்ட் அன்று இந்தியாவில் அதிக ஊர்களில் கிடையாது. 'டெல்லி இழந்தது' என்று அப்போது யாரும் பெரிதாகப் புலம்பவில்லை, போட்டிக்கு ஒரு வயதுதானே. சென்னை இழந்தபோது அதற்கு 21 ஆண்டுப் பழக்கம் சேர்ந்திருந்தது.

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்த விசித்திரமும் இல்லை. 'தெற்காசியாவின் ஒரே ஏடிபி போட்டி' என்று சென்னையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிவந்தன. பெரும்பாலான ஆண்டுகளுக்கு அது சரி, 2006க்கும் 2007க்கும் மட்டும் தவறு. அந்த இரண்டு ஆண்டுகளில் மும்பையிலும் ஒரு ஏடிபி போட்டி நடந்தது. முதல் ஆண்டு துர்சுனோவ், அடுத்த ஆண்டு காஸ்கே வென்றார்கள். அந்த உரிமம் முதலில் ஷாங்காயில் இருந்தது, 2005இல் ஹோ சி மின் நகரத்துக்குப் போனது, பிறகு மும்பை, 2008இல் பெங்களூருக்கு மாறி, பாதுகாப்புக் காரணத்தால் நடக்காமலேயே முடிந்தது. நான்கே ஆண்டில் நான்கு ஊர்கள். இதோடு ஒப்பிட்டால் ஒரே ஊரில், ஒரே ஸ்டேடியத்தில், ஒரு வருடமும் விடாமல் 21 முறை நடந்தது அசாதாரணம் என்றே சொல்வேன். 'ஏன் போனது' என்று கேட்பதற்கு முன் 'எப்படி இவ்வளவு நாள் தங்கியது' என்று கேட்பது நல்லது.

தங்கியதற்கு இரண்டு காரணங்கள்: தேதி, ஸ்பான்சர். தொடக்க ஆண்டுகளில் போட்டி ஏப்ரலில் நடந்தது. சென்னை ஏப்ரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் நாள்காட்டியில் இருந்தது. ஏப்ரலில் முன்னணி வீரர்கள் பிரெஞ்சு ஓப்பனுக்காக ஐரோப்பாவின் செம்மண் தரைக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் ஆசியாவில் ஹார்ட் கோர்ட்டில் (கடினத் தரையில்) ஆட வருபவர்களில் பெரிய பெயர்கள் குறைவு. 1998இல் பேட்ரிக் ராஃப்டர் வந்து கோப்பையும் வென்றது விதிவிலக்கு. அவர் அப்போது அமெரிக்க ஓப்பன் சாம்பியன், அதே ஆண்டு செப்டம்பரில் அந்தப் பட்டத்தைத் தக்கவைத்தும் கொண்டார். மற்றபடி முதல் ஐந்து ஆண்டுகளின் வெற்றியாளர்கள் மிக்கேல் டில்ஸ்ட்ராம் (1997), பைரன் பிளாக் (1999), ஜெரோம் கோல்மார் (2000), மிஹால் தபாரா (2001). டென்னிஸைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கே இந்தப் பெயர்களில் பாதி நினைவுக்கு வராது.

2000களின் தொடக்கத்தில் ஜனவரி முதல் வாரத்துக்கு மாறியதும் போட்டியின் தலையெழுத்தே மாறியது. இரண்டு வாரம் கழித்து மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன், அதுவும் ஹார்ட் கோர்ட், அதுவும் வெயில். டிசம்பர் ஓய்வுக்குப் பின் உடம்பை முறுக்கேற்ற ஒரு வாரம் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னை, தோஹா, ஆஸ்திரேலியாவின் ஒரு போட்டி (முதலில் அடிலெய்டு, 2009 முதல் பிரிஸ்பேன்) ஆகிய மூன்றில் ஒன்றுதான் வழி. தோஹாவில் பணம் அதிகம், ஆஸ்திரேலியாவில் பயணம் மிச்சம். சென்னைக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது நல்ல வரவேற்பும், உற்சாகமான அரங்கமும், கொஞ்சம் சுலபமான டிராவும் (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்). இந்தக் கடைசி அம்சத்தை ஏளனமாகச் சொல்லவில்லை. தரவரிசையில் இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருக்கும் வீரருக்கு ஆண்டின் முதல் வாரத்தில் நான்கு வெற்றி கிடைப்பது பெரிய விஷயம்.

தாய்லாந்தின் பாரடோர்ன் ஸ்ரீசாபன் 2002 முதல் 2005 வரை தொடர்ந்து நான்கு இறுதிப்போட்டி ஆடினார், 2003இல் மட்டும் வென்றார். 2004, 2005 இரண்டிலும் அவரை வீழ்த்தியவர் ஸ்பெயினின் கார்லோஸ் மோயா, இரண்டு முறையும் மூன்றாவது செட் டைபிரேக்கில் (6-6 என்று சமமான செட்டைத் தீர்க்கும் கூடுதல் ஆட்டம்). 2005 போட்டி சுனாமி அடித்த அடுத்த வாரம் தொடங்கியது. வென்ற பரிசுத் தொகையை மோயா சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். ஊரில் அவர் மீது இன்றும் தனிப் பாசம் இருப்பதற்கு அதுவும் காரணம்.

நடால் சென்னையில் ஒற்றையர் பட்டம் வென்றார் என்று சிலர் உறுதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வெல்லவில்லை. 2004இல் 17 வயதில் டாமி ரொப்ரேடோவுடன் இரட்டையர் பட்டம் வென்றார். 2007 அரையிறுதியில் சேவியர் மலீஸிடம் தோற்றார், அந்த ஆண்டுப் பட்டமும் மலீஸுக்கே. 2008 அரையிறுதியில் மோயாவுடன் ஆடியது மூன்று செட்டும் டைபிரேக், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மறுநாள் இறுதியில் மிகைல் யூஷ்னி 6-0, 6-1 என்று முடித்துவிட்டார். உலகின் இரண்டாம் நிலை வீரர் ஒரு கேமோடு போனதை 'ஆட மனசில்லை' என்று பேசினார்கள். நான்கு மணி நேர ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் ஓர் இரவுதான் இருந்தது. மூன்று செட் போட்டிகளில் ஒருநாள் இடைவெளி தருவதில்லை. கிராண்ட் ஸ்லாமாக இருந்தால் ஒருநாள் ஓய்வு கிடைத்திருக்கும்.

அதன்பின் மரின் சிலிச் (2009, 2010), பிறகு வாவ்ரிங்கா. 2011, 2014, 2015, 2016 என நான்கு பட்டங்கள், இந்தப் போட்டியில் அதுவே அதிகம். 2014இல் சென்னையில் வென்ற கையோடு மெல்போர்ன் போய் இறுதியில் நடாலை வீழ்த்தி முதல் கிராண்ட் ஸ்லாம் எடுத்தார். 'சென்னை ராசி' என்று அப்போது எழுதினார்கள். ராசியை விடுங்கள், நேரக்கணக்கு சரியாக அமைந்தது. சனி, ஞாயிறு வரை சென்னையில் ஆடினால் மெல்போர்ன் முதல் சுற்றுக்கு ஏறத்தாழ எட்டு நாள். நேர வித்தியாசத்துக்கு இரண்டு நாள், பயிற்சிக்கு ஐந்து நாள் என்று கணக்குப் போட்டால் சரியாக வரும். 2012 மிலோஸ் ராவ்னிச் கதை வேறு மாதிரி. டிப்சரேவிச்சுடன் நடந்த இறுதியில் மூன்று செட்டும் டைபிரேக், யாருடைய செர்வையும் யாராலும் உடைக்க (எதிராளி செர்வ் போடும் கேமை வெல்ல) முடியவில்லை. ராவ்னிச் அந்த வாரம் முழுவதும் ஒரு செர்வ் கேம்கூட இழக்கவில்லை.

கோர்ட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜனவரி முதல் வாரம் வீரர்களுக்கு வசதியாக இருந்த அளவுக்குத் தரை போடுபவர்களுக்கு வசதியாக இருந்ததில்லை. ஹார்ட் கோர்ட் என்றால் கான்கிரீட் அல்லது தார்த் தளத்தின் மேல் அக்ரிலிக் பூச்சு. முதலில் மேடுபள்ளம் சரிசெய்யும் அடிப்பூச்சு, மெத்தை வகையாக இருந்தால் ரப்பர் துகள் கலந்த சில அடுக்குகள், அதன் மேல் சிலிக்கா மணல் கலந்த வண்ணப் பூச்சு இரண்டு மூன்று, கடைசியில் கோடுகள். பந்து வேகமாகப் போகுமா மெதுவாகப் போகுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த மணல்தான். மணல் அதிகமாகவும் பருமனாகவும் இருந்தால் பந்தைப் பிடித்து இழுக்கும், எழும்பும். தேய்ந்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். ஆண்டு முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படும் கோர்ட்டில் பேஸ்லைன் (பின்கோடு) பகுதி முதலில் தேயும். அதனால் ஒரே கோர்ட்டில் இரண்டு வேகம் வந்துவிடும். பெரிய போட்டிக்கு முன் மேல்பூச்சைப் புதுப்பிப்பது இதற்காகத்தான்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும், காயும் வரை மழை படக்கூடாது, தளத்துக்குள்ளும் ஈரம் இருக்கக்கூடாது. ஜனவரி முதல் வாரப் போட்டி என்றால் இந்த வேலைக்கு இயல்பான நேரம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சென்னையில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஈரத் தளத்தின் மேல் பூசினால் வெயில் ஏறியதும் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி மேல் தள்ளும், பூச்சு கொப்புளம் கொப்புளமாக உப்பும், வீரர் திரும்பும்போது தோலாக உரியும். தண்ணீர் வடிய ஒரு பக்கமாக நூற்றுக்கு ஒன்று என்று சரிவு கொடுப்பார்கள். சுற்றிடம் உட்பட 18.29 மீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 18 செ.மீ. இறக்கம். அந்தச் சரிவு எங்காவது தவறினால் குளம் கட்டும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு நாணயம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் அந்த இடத்தை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய வேண்டும். சும்மா துடைத்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் மறுபடி அங்கேயே நிற்கும்.

இரவு ஆட்டங்களில் பனிதான் தொந்தரவு. ஜனவரியில் சென்னையில் எட்டு மணிக்கு மேல் தரையில் ஈரம் படியும். முதலில் வழுக்குவது கோடுகள், அந்த வண்ணத்தில் மணல் குறைவு. பந்தின் மேலுள்ள கம்பளி ஈரத்தை உறிஞ்சிக் கனத்து, பஞ்சுபோல் விரியும், ஆட்டம் மெதுவாகும். 'ஈரக்காற்று கனமானது, அதனால் பந்து மெதுவாகப் போகிறது' என்று வர்ணனையில்கூடச் சொல்வார்கள். உண்மையில் நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் லேசானது. மெதுவாவது பந்தால்தான். ஏழு கேம் முடிந்ததும், பிறகு ஒவ்வொரு ஒன்பது கேமுக்கும் பந்து மாற்றுவார்கள். (முதல் முறை இரண்டு கேம் குறைவதற்குக் காரணம், ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பும் அதே பந்தில்தான்.) பழைய பந்தில் பேஸ்லைன் ஆட்டக்காரருக்கும் புதுப் பந்தில் செர்வ் அடிப்பவருக்கும் சாதகம் இருப்பதைச் சென்னை இரவுகளில் நன்றாகவே பார்க்கலாம்.

இந்தியர்கள் விஷயத்துக்கு வருவோம். ஒற்றையரில் இந்தப் போட்டியின் இறுதிவரை வந்த இந்தியர் ஒருவர்தான்: 2009இல் வைல்டு கார்டில் (நடத்துபவர்கள் தரும் சிறப்பு இடத்தில்) நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன். மோயாவையும் கார்லோவிச்சையும் வென்றார். அரையிறுதியில் ஷூட்லர் காயத்தால் விலக, நேராக இறுதிக்குப் போனார். அங்கே சிலிச்சிடம் 6-4, 7-6 என்று தோற்றார். உள்ளூர்ப் போட்டி ஒரு நாட்டுக்கு ஏன் தேவை என்பதற்கு இந்த ஒரு வாரம் போதும். அவருடைய அன்றைய தரவரிசைக்கு வெளிநாட்டு டூர் போட்டியில் நேரடி இடம் கிடைத்திருக்காது. 32 பேர் டிராவில் மூன்று வைல்டு கார்டு, நான்கு தகுதிச்சுற்று இடம். நடத்தும் ஊர் இந்த மூன்றைத் தன் விருப்பப்படி கொடுக்கலாம்.

இரட்டையரில் கதை நேர்மாறு. பயஸும் பூபதியும் சேர்ந்து 1997, 1998, 1999, 2002, 2011 என ஐந்து முறை வென்றார்கள். 2012இல் பயஸ் டிப்சரேவிச்சுடன் சேர்ந்து ஆறாவது பட்டமும் எடுத்தார். டிப்சரேவிச் ஒற்றையர் இறுதியில் தோற்ற அதே வாரம் அது. 2017இல், யாருக்கும் அது கடைசி என்று தெரியாத கடைசிச் சென்னைப் போட்டியில், இரட்டையர் இறுதியில் நான்கு பேரும் இந்தியர்கள். போபண்ணாவும் சென்னைக்காரர் ஜீவன் நெடுஞ்செழியனும் பூரவ் ராஜா, திவிஜ் சரண் ஜோடியை வென்றார்கள். ஜீவனுக்கு அது முதல் ஏடிபி பட்டம். ஒற்றையரில் பட்டிஸ்டா அகுட் வென்றார். அவரிடம் தோற்ற இருபது வயது ரஷ்யர் டேனியல் மெத்வதேவுக்கு அது முதல் டூர் இறுதிப்போட்டி.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. போட்டியின் பெயர்களைப் பார்த்தாலே பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். முதலில் கோல்டு ஃபிளேக் ஓப்பன், அதாவது சிகரெட் பணம். புகையிலை விளம்பரத்துக்குத் தடை வரப்போகிறது என்று தெரிந்து 2001இல் அந்த சிகரெட்டைத் தயாரிக்கும் ஐடிசி விளையாட்டு விளம்பரங்களிலிருந்து விலகியது. 2002 முதல் டாடா ஓப்பன். 2005 முதல் 2009 வரை எந்த நிறுவனப் பெயரும் இல்லாமல் வெறும் சென்னை ஓப்பன், மாநில அரசு கைகொடுத்தது. 2010 முதல் ஏர்செல் சென்னை ஓப்பன். இருபது ஆண்டில் சிகரெட், டாடா, அரசு, தொலைபேசி என்று நான்கு கைகள் மாறியிருக்கின்றன.

டைட்டில் ஸ்பான்சர் (போட்டிக்குத் தன் பெயர் வைக்கும் நிறுவனம்) இல்லாமல் ஏன் முடியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 5,800 இருக்கையும் ஏழு நாளும் முழுதாக, சராசரி 1,000 ரூபாய்க்கு விற்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வருவது 4 கோடியே 6 லட்சம். நடைமுறையில் அதில் பாதி வந்தாலே பெரிது, ஏனென்றால் திங்கள் மதியம் யாரும் வருவதில்லை, நல்ல இருக்கைகளில் கணிசமான பகுதி ஸ்பான்சர்களுக்கும் சங்கத்துக்கும் இலவசமாகப் போய்விடும். கடைசி ஆண்டுகளில் பரிசுத் தொகை மட்டுமே ஏறத்தாழ நாலரை லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் மூன்று கோடி ரூபாய். டாலரில் கொடுக்க வேண்டிய பணம் இது. ரூபாய் சரியும்போதெல்லாம் செலவு தானாக ஏறும். இதன் மேல் வீரர்களின் ஹோட்டல், கார், நடுவர்கள், லைன் ஜட்ஜுகள், ஒளிபரப்பு, தரை, காப்பீடு. பார்வையாளர்களுக்குத் தெரியாத பெரிய செலவு இன்னொன்று உண்டு: வருகைக் கட்டணம். 250, 500 தரப் போட்டிகளில் பெரிய வீரர்களை வரவழைக்கத் தனியாகப் பணம் கொடுப்பதை ஏடிபி அனுமதிக்கிறது. நட்சத்திரம் ஒருவருக்குக் கொடுப்பது சாம்பியனின் பரிசைவிடப் பல மடங்காக இருக்கலாம். தோஹாவோடு இந்த ஏலத்தில் போட்டிபோட வேண்டிய இடத்தில் சென்னை இருந்தது.

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: தமிழ்நாட்டு ஒப்பந்தம் முடிந்த நிலையில், 2017 ஜூலையில் போட்டி புனேவுக்குப் போவதாக அறிவித்தார்கள். மகாராஷ்டிர டென்னிஸ் சங்கத்தோடு ஐந்து ஆண்டு ஒப்பந்தம், அந்த மாநில அரசின் ஆதரவு, இடம் பாலேவாடி விளையாட்டு வளாகம், பெயர் டாடா ஓப்பன் மகாராஷ்டிரா. ஏர்செல் அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது, 2018 தொடக்கத்தில் திவால் மனு கொடுத்தது. ஆக, பழைய ஸ்பான்சரின் கை காய்ந்துவிட்டது, புதிய ஊர் கையில் பணத்தோடு நின்றது. இது பதிவில் இருப்பது. அரசியல் கலந்ததா என்றால், 2016 டிசம்பருக்குப் பின் தமிழ்நாட்டில் ஆட்சி நிலைமை எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழப்பத்தில் டென்னிஸ் போட்டியைத் தக்கவைக்க யாரும் முனைப்புக் காட்டவில்லை என்பது என் ஊகம், அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். திட்டமிட்டுத் துரத்தினார்கள் என்ற பேச்சை நான் நம்பவில்லை. உரிமையாளர் ஒரு வியாபாரி. கணக்கு எங்கே நேராகிறதோ அங்கே போவார்.

புனேயில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் சென்னை மட்டும் குற்றவாளி இல்லை என்பது தெரியும். 2018இல் ஜில் சிமோன், 2019இல் கெவின் ஆண்டர்சன் வென்றார்கள். அந்த 2019 இறுதியில் ஆண்டர்சனும் 39 வயது கார்லோவிச்சும் ஆடியது மூன்று செட்டும் டைபிரேக், சென்னையின் 2012 மாதிரியே. புனே கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 560 மீட்டர். காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்து சதவீதம் போலக் குறைவு, அதனால் செர்வ் இன்னும் சீறும். இரண்டு நெட்டை மனிதர்களுக்கு அது போதும். பிறகு 2020இல் ஆஸ்திரேலியாவில் 24 நாடுகள் ஆடும் ஏடிபி கப் ஜனவரி முதல் வாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. புனே பிப்ரவரிக்குத் தள்ளப்பட்டது. ஆஸ்திரேலிய ஓப்பன் முடிந்து எல்லோரும் ஐரோப்பிய உள்ளரங்கத்துக்கோ தென் அமெரிக்கச் செம்மண்ணுக்கோ போகும் வாரம் அது. சென்னையை வாழவைத்த தேதி கைவிட்டுப் போனதும் டிரா மெலிந்தது. 2020இல் முதல் நிலை வீரர் பெனுவா பேர், பட்டம் யிரி வெஸ்லிக்கு. 2021 கொரோனாவால் இல்லை. 2022இல் ஜோவாவ் சோசா வென்றார். அந்த ஆண்டு இரட்டையரில் போபண்ணாவோடு சென்னையின் ராம்குமார் ராமநாதன் வென்றார். 2023இல் மறுபடி ஜனவரி கிடைத்தது, டாலன் கிரீக்ஸ்பூர் வென்றார், ஸ்ரீராம் பாலாஜியும் ஜீவனும் இரட்டையர் இறுதிவரை வந்தார்கள். ஐந்து பதிப்போடு அதுவும் முடிந்தது. 2024 நாள்காட்டியில் அந்த வாரத்தில் ஹாங்காங் இருந்தது, ரூப்லெவ் பட்டம் வென்றார். இந்தியாவில் இப்போது ஆண்களுக்கான ஏடிபி டூர் போட்டி ஒன்றுகூட இல்லை.

திரும்பி வருமா? அருகில் வாய்ப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புதிய 250 உரிமம் உருவாக்கித் தருவதை ஏடிபி விரும்பவில்லை, இருப்பதையே குறைத்துக்கொண்டு வருகிறது. லியோன், அட்லாண்டா போட்டிகள் 2024ஓடு முடிந்தன, நியூபோர்ட் 2025இல் சேலஞ்சராக இறங்கியது. எனவே யாரிடமாவது இருக்கும் உரிமத்தை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ வேண்டும், அதற்கு நல்ல வாரமும் அமைய வேண்டும். ஜனவரி கிடைக்காமல் பிப்ரவரி கிடைத்தால் வேண்டாம் என்பதே என் கருத்து, புனே அனுபவம் அதைத்தான் காட்டியது. அதே பணத்தில் ஆண்டுக்கு மூன்று நான்கு சேலஞ்சர் நடத்தினால் இருநூறாவது இடத்தில் திணறும் நம் பையன்களுக்குக் கூடுதல் பயன். 2024 சென்னை சேலஞ்சரை வென்றுதான் சுமித் நாகல் முதல் நூறுக்குள் நுழைந்தார். ரசிகர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். வாவ்ரிங்காவைப் பார்த்த கண்ணுக்குச் சேலஞ்சர் சப்பென்றுதான் இருக்கும்.

நடைமுறைக்கு ஒன்று. பழைய முடிவுகளைத் தேடும்போது 1996ஐ டெல்லி என்றும், 1997 முதல் 2017 வரை சென்னை என்றும், 2018 முதல் 2023 வரை புனே என்றும் தேடுங்கள். இந்த மூன்றும் ஒரே தொடர்ச்சி. நாகலின் பட்டத்தை வாவ்ரிங்காவின் நான்கோடு ஒரே பட்டியலில் போட்டிருக்கும் பக்கங்கள் இருக்கின்றன, அது தவறு. அடுத்த முறை 'சென்னை ஓப்பன்' டிக்கெட் விற்பனைக்கு வந்தால் வாங்கும் முன் ஏடிபியா, டபிள்யூடிஏவா, சேலஞ்சரா என்று பாருங்கள். டபிள்யூடிஏ 250 என்றால் உலகத் தரவரிசையில் இடம்பிடித்த பெண் வீரர்களை அதே நுங்கம்பாக்கத்தில், அதே இருக்கைகளிலிருந்து பார்க்கலாம். முதல் இரண்டு நாள் டிக்கெட் மலிவாகவும் ஆட்டங்கள் அதிகமாகவும் இருக்கும். பக்கத்து கோர்ட்டுகளில் பத்தடி தூரத்தில் நின்று பார்க்க அதுதான் நல்ல நேரம்.